டிசம்பரில் பின்லாந்துக்கு ஆள் அனுப்புகிறவர்களே, பகல் எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

பயணத் திட்டம் என்று எங்களிடம் கொடுத்த தாளை இன்னும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறேன். அதில் நான்காம் நாள், டிசம்பர் 21, இப்படி இருக்கிறது: "காலை 9 மணி: ரோவனியெமி நகரைச் சுற்றிப் பார்த்தல்." அன்றைக்கு, நாட்டின் வடக்கே லாப்லாந்து பகுதியில் இருக்கும் அந்த ஊரில் சூரியன் எழுவதே பதினொரு மணிக்கு மேல். ஒன்றரைக்குள் அடங்கிவிடும். மொத்தப் பகலும் இரண்டேகால் மணி நேரம்தான். காலை ஒன்பது மணிக்கு மைனஸ் 24 டிகிரியில், எழுபது வயது அப்பாவையும் அறுபத்தாறு வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் எதைக் காட்டுவது?

அந்தத் தாளை எழுதியவருக்கு இது தெரியாது என்றால், பத்து லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்ய அவருக்கு என்ன தகுதி இருக்கிறது? தெரிந்தே எழுதினார் என்றால் அதற்குப் பெயர் ஏமாற்று. இரண்டில் எது என்று இன்றுவரை பதில் வரவில்லை.

நான் கேட்காமல் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று முறை கேட்டேன், வயதானவர்கள் வருகிறார்கள், என்னென்ன சிரமம் இருக்கும் என்று. "குளிர் கொஞ்சம் இருக்கும் சார், ஸ்வெட்டர், ஜாக்கெட் எடுத்துக்குங்க" என்றார்கள். அவ்வளவுதான். இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீயே இணையத்தில் தேடியிருக்கலாமே என்று யாராவது சொல்வீர்கள். தேடினேன். வந்ததெல்லாம் பச்சை வானமும், கண்ணாடிக் குடிலும், கலைமான் வண்டியும்தான். அப்புறம், எல்லாவற்றையும் நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஏஜென்ட் எதற்கு?

பின்லாந்து மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் எதையும் மறைக்கவில்லை. சூரியன் எழாத காலத்துக்கு 'காமோஸ்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வடகோடியில் இருக்கும் உட்ஸ்யோக்கியில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை ஏறத்தாழ ஐம்பது நாள் சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வெயில் கிடைக்காததால் பாலில் வைட்டமின் டி சேர்த்து விற்கிறார்கள். இருட்டில் நடக்கிறவர்கள் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை ஒன்றைக் கோட்டில் தொங்கவிட்டிருப்பது அங்கே எல்லாருக்கும் பழகிய வழக்கம். சின்னக் குழந்தை முதல் கிழவி வரை எல்லார் உடையிலும் அது ஆடிக்கொண்டிருக்கிறது. எங்கள் மூன்று பேரிடமும் இல்லை. கறுப்புக் கோட்டில் இருட்டில் சாலையைக் கடந்துகொண்டிருந்தோம். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு வயதான பெண்மணி தன் பையில் தொங்கிய வில்லையைக் கழற்றி, அம்மாவின் கோட்டில் மாட்டிவிட்டுப் போனார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பெண்மணிக்கு என் அம்மாவின் உயிர் மேல் இருந்த அக்கறையில் கால்வாசி, நாங்கள் காசு கொடுத்தவர்களுக்கு இருந்திருக்கக் கூடாதா?

உடை விஷயத்திலும் இதே கதைதான். இங்கிருந்து நல்ல பருத்தி பனியன்களாக வாங்கிக்கொண்டு போனோம். அந்தக் குளிருக்குப் பருத்தியைப்போல மோசமான துணி கிடையாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கிடக்கும், அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே போட வேண்டியது கம்பளி. காலுக்கு மூன்று சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவில் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும், ஒரு அளவு பெரிய ஷூதான் வேண்டும். இதெல்லாம் அப்பாவின் கால்விரல்கள் மரத்துப்போய், ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் நான் தேய்த்துவிட்ட பிறகு, அங்கே வேலை செய்த பெண் சொல்லித் தெரிந்துகொண்டது. நடைபாதை முழுக்கக் கண்ணாடிபோல் பனிக்கட்டி. அதற்கென்று ஷூவில் மாட்டும் ஆணி பட்டை அங்கே சாதாரணக் கடையிலேயே கிடைக்கிறது. வந்து இறங்கிய அன்றே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்திருந்தால் அப்பா இரண்டு முறை விழுந்திருக்க மாட்டார். எலும்பு முறியாதது எங்கள் புண்ணியம்.

சரி, இரவு வானில் தோன்றும் அந்தப் பச்சை ஒளிக்கு, அதாவது அரோராவுக்கு வருகிறேன். அம்மா ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். விளம்பரத்தில் "அரோரா உறுதி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த மனிதனால் அதை உறுதி சொல்ல முடியும்? அந்த ஒளி தோன்றுவது தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே. மேகம் இருப்பது அதற்கு வெகு கீழே. மேகம் மூடிவிட்டால் மேலே என்ன நடந்தாலும் கீழே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ரோவனியெமியில் நாங்கள் தங்கிய நான்கு இரவில் மூன்று இரவு ஒரே மேகம். நான்காவது இரவு, ஊருக்கு வெளியே ஒரு உறைந்த ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் நின்று, சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றைப் பார்த்தோம். பக்கத்தில் ஒருவர் கேமராவை முக்காலியில் வைத்துப் பல நொடிகள் திறந்துவிட்டு எடுத்தார், அவர் படத்தில் அதே கீற்று பச்சையாக இருந்தது. அம்மா அந்தத் திரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் கண் சரியில்லையாப்பா?" என்று கேட்டார். என் வயிறு எரிந்தது. இல்லைம்மா, மங்கலாக இருக்கும்போது யார் கண்ணுக்கும் இப்படித்தான் தெரியும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா?

இதில் என்னை மிகவும் கொதிக்க வைப்பது எது தெரியுமா? அரோரா பார்க்க டிசம்பர் தேவையே இல்லை! லாப்லாந்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை பார்க்கலாம். மார்ச்சில் போனால் பகல் சுமார் பன்னிரண்டு மணி நேரம். பனியும் அப்போதுதான் மிக ஆழமாகக் கிடக்கும். வயதானவர்களைப் பகலில் வெளியே கூட்டிப் போகலாம், இரவில் வானத்தையும் பார்க்கலாம். பனி வேண்டாம் என்றால் செப்டம்பர் இருக்கிறது. ஆனால் விற்பது டிசம்பரைத்தான், விலை உச்சியில் இருப்பதும் டிசம்பரில்தான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று பெயர் வாங்கிய ரோவனியெமியில் கிறிஸ்துமஸ் என்று சொன்னால் ஆள் சேர்ந்துவிடுகிறதே!

அந்தக் கிறிஸ்துமஸையாவது ஒழுங்காகத் திட்டமிட்டார்களா? 24ஆம் தேதி காலை ஹெல்சிங்கிக்கு விமானம். 25: "ஷாப்பிங்குக்கு முழு நாள்." பின்லாந்தில் பண்டிகை 24 மாலைதான். அன்று நண்பகலில் துர்க்கு நகரத்தில் கிறிஸ்துமஸ் அமைதியைப் பிரகடனம் செய்து வாசிப்பார்கள், அது பல நூற்றாண்டு வழக்கம். அதோடு நாடே வீட்டுக்குள் போய்விடுகிறது. நாங்கள் பெட்டியை இறக்கி வைத்து வெளியே வந்தபோது கடைகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். 25 அன்று முழு நாளும் ஷாப்பிங்காம்! அடைத்த கதவுகளைப் பார்த்துக்கொண்டு, ஓட்டல் அறையில் பிரெட்டும் நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியுமாகக் கழித்தோம்.

24 மாலை என்ன செய்வது என்று தெரியாமல் ஓட்டல் வரவேற்பில் கேட்டேன். அங்கிருந்த இளைஞர்தான் ஹியெதனியெமி கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள் என்றார். மூன்றேகாலுக்கெல்லாம் இருட்டிவிட்ட ஊரில் மெதுவாக நடந்து போனோம். பனிக்குள்ளே ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்திகள். குடும்பம் குடும்பமாக வந்து, தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கல்லறையில் ஏற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் நிற்கிறார்கள். நம் ஊர்க் கல்லறைத் திருநாள் போலவே இருந்தது. அம்மா வெகுநேரம் அங்கேயே நின்றார். எட்டு நாளில் அவர் வாய் திறந்து "நல்லா இருக்குப்பா" என்று சொன்னது அந்த ஒரே இடத்தில். காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. எங்கள் தாளிலும் கிடையாது.

போய் வந்தவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. திரும்பி வந்ததும் நல்ல நான்கு படத்தை மட்டும் போடுகிறீர்கள். பகல் முழுக்க அறையில் அடைந்து கிடந்ததை, வழுக்கி விழுந்ததை, ஒன்றும் தெரியாத வானத்தின் கீழே நின்றதை யாரும் எழுதுவதில்லை. உங்கள் படத்தைப் பார்த்துத்தான் அடுத்தவன் கடன் வாங்கிக்கொண்டு கிளம்புகிறான்.

போன வாரம் அதே டிராவல்ஸிலிருந்து அடுத்த டிசம்பருக்கான விளம்பரம் வந்தது. திட்டத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். நான்காம் நாள், காலை 9 மணி, நகரைச் சுற்றிப் பார்த்தல். ஓர் எழுத்துகூட மாறவில்லை. உடனே போன் செய்து, அங்கே அன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு எழும் என்று கேட்டேன்.

"வழக்கம்போலத்தான் சார், ஆறு, ஆறரைக்கு" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர்.