ஜெல் போதாது, சோப்பு வேண்டும்

மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போனால் வார்டு வாசலில் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு கட்டில் பக்கம் போய்விடுகிறோம். பெரும்பாலான கிருமிகளுக்கு அது சரி. ஆனால் மருத்துவமனையில் பரவும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான சி-டிஃப் கிருமிக்கு அது போதவே போதாது.

குடலை விட்டு வெளியே வந்ததும் இது ஸ்போர் என்ற தடித்த ஓட்டுக்குள் அடங்கிவிடும். ஆல்கஹால் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. கட்டில் கம்பி, அழைப்பு மணிப் பொத்தான், கமோட் நாற்காலியின் கைப்பிடி என எங்கு ஒட்டினாலும் மாதக்கணக்கில் கிடக்கும். சோப்பும் அதைக் கொல்வதில்லை. தேய்த்துக் கழுவும்போது தோலை விட்டுக் கழன்று தண்ணீரோடு போகிறது, அவ்வளவுதான். அதனால்தான் கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண் விடாமல் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். கையுறையைக் கழற்றிய பிறகும் அப்படித்தான்.

அதிகம் பாதிக்கப்படுவது 65 வயதைத் தாண்டியவர்கள், அதிலும் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள். கிளிண்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவை குடலின் நல்ல பாக்டீரியாவையும் அழித்துவிட, காலியான இடத்தில் சி-டிஃப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. மருந்தை முடித்துச் சில வாரம் கழித்தும் வரலாம்.

24 மணி நேரத்தில் 3 தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் தாதியிடம் உடனே சொல்லுங்கள். நம் பெரியவர்கள் கூச்சப்பட்டு மறைப்பார்கள். பணிப்பெண்ணும் டயப்பரை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். பொதுக் கழிவறை உள்ள வார்டில் அந்த ஒரு நாள் தாமதமே பக்கத்துக் கட்டில்காரருக்கும் தொற்றப் போதும். மருத்துவரைக் கேட்காமல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கொடுத்து அடக்கவும் கூடாது, நஞ்சு உள்ளேயே தங்கிவிடும்.

வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று வான்கோமைசின் 125 மி.கி., நாளுக்கு 4 வேளை, 10 நாள், வாய்வழியாக. ஊசியில் ஏற்றினால் குடலுக்குப் போதிய மருந்து போய்ச் சேராது. குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திரும்பவும் வருகிறது. ஆகவே வீடு திரும்பிய பின்னும் கவனம் தேவை.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே கழிவறையை எல்லாரும் புழங்கினால் முதலில் சோப்புநீரால் அழுக்கைப் போக்குங்கள். அழுக்கின் மேல் பிளீச் வலுவிழந்துவிடும். பிறகு சுமார் 5% ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து, ஃபிளஷ் பொத்தான், இருக்கை, குழாய்ப்பிடி எல்லாம் 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி துடையுங்கள். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மருத்துவமனைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஜெல் புட்டிக்குப் பக்கத்திலேயே, வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள் என்று சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் பெரிதாக எழுதி, கை கழுவும் தொட்டி எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் போடுங்கள்.