பாம்புக்கு இரை வைக்கத் தனிப் பெட்டி எதற்கு?

பாம்பு வளர்ப்பவர்களிடையே ஓயாமல் சுற்றிவரும் ஓர் அறிவுரை உண்டு. இரை கொடுக்கும்போது பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் கூண்டில் விரித்திருக்கும் மரச்சீவலையும் சேர்த்து விழுங்கி, குடல் அடைத்துச் செத்துவிடுமாம். நான் வசிக்கும் பிரிட்டனில் சோளப்பாம்பு (corn snake என்னும் நஞ்சில்லாத வளர்ப்புப் பாம்பு) வாங்கும் புதியவர்களுக்கு முதலில் கிடைக்கும் உபதேசம் பெரும்பாலும் இதுதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. (ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்த ஆர்வத்தில் சாரைப்பாம்பைப் பிடித்து வந்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

வயிறு நிறைய எலியோடு இருக்கும் பாம்பை இரண்டு நாளைக்குத் தொடக்கூடாது என்பது வளர்ப்பின் பாலபாடம். தனிப் பெட்டிக்காரர்களோ, விழுங்கி முடித்த கையோடு அதைத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டாக வேண்டும். பயந்த பாம்பு இரையைக் கக்கிவிடும். கக்கும்போது வரும் அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும். அடுத்த இரையைப் பத்துப் பதினான்கு நாள் தள்ளிப்போட வேண்டியிருக்கும். சீவல் பயத்துக்காக இவ்வளவு பெரிய தண்டனையா?

காட்டில் எந்தப் பாம்பும் தட்டில் வைத்துச் சாப்பிடுவதில்லை. சருகும் மண்ணும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்கின்றன. எச்சத்தோடு வெளியேறியும் விடுகின்றன. கூண்டுப் பாம்புக்கு அடைப்பு ஏற்படும்போது, பெரும்பாலும் போதிய சூடும் தண்ணீரும் கிடைக்காததும் அதற்குக் காரணமாக இருக்கிறது. சோளப்பாம்பின் கூண்டில் சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்காக எதை வேண்டுமானாலும் விரிக்கலாம் என்று சொல்லவில்லை. சீடர் (cedar) என்னும் மரத்தின் சீவல் கூடவே கூடாது. நம் மூக்குக்கு இனிக்கும் அதன் எண்ணெய் ஆவி பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும். பைன் சீவலைச் சூளையில் உலர்த்தினால் சரியாகிவிடும் என்று வாதிடுகிறார்கள். மணமில்லாத ஆஸ்பென் சீவல் அதே கடையில் கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு? செரித்துவிடும் என்று சொல்லி விற்கும் கால்சியம் மணல், ஈரம் பட்டால் கட்டிதட்டும். நொறுக்கிய வால்நட் ஓட்டுக்குக் கூர்முனை உண்டு, வாயைக் கிழிக்கும்.

சோளப்பாம்புக்கு ஆஸ்பென் போதும். வளை தோண்டினால் இடிந்து விழாமல் நிற்கும். ஆனால் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python) என்னும் சிறிய மலைப்பாம்பு போன்ற, ஈரக் காற்றை விரும்பும் பாம்புக்குத் தேங்காய் நார்த்தூளோ மட்டைத் துண்டுகளோ நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் குவிந்துகிடக்கும் அதே நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி, பளபளப்பான உறையில் போட்டு விற்கிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும். வாங்கியதை லேசாக ஈரப்படுத்தியே விரியுங்கள். காய்ந்த தூளில் ஈர எலி புரண்டால், ரவையில் புரட்டிய மீன் மாதிரி ஆகிவிடும்.

உண்மையில் விரிப்பைவிட இந்த ஈர எலிதான் சிக்கலே. உறைந்த எலியை நேரடியாகத் தண்ணீரில் போட்டு இளக்குகிறார்கள். சொட்டச் சொட்ட எடுத்துக் கூண்டில் வைத்துவிட்டு, சீவல் ஒட்டுகிறதே என்று புலம்புகிறார்கள். மூடிய பையோடு இளக்கி, பையோடேயே வெந்நீரில் சூடேற்றினால் ரோமம் நனையாது. ஈரம் பட்டிருந்தால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இரையை இடுக்கியால் நீட்டுங்கள். தட்டில் வைத்தால் பெரும்பாலும் சுற்றி வளைத்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். அகலமான அட்டையையோ செய்தித்தாளையோ விரிப்பின்மேல் போடுவது மேல். சமையலறைத் தட்டும் மைக்ரோவேவும் இந்த வேலைக்கு வேண்டாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உறைந்த தீவன எலிகள் வழியாக மனிதர்களுக்கு சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வாயில் ஒரு சீவல் ஒட்டியிருந்தால் விரலை விட்டு இழுக்காதீர்கள். விழுங்கும்போது பாம்பு மூச்சுக்குழலின் வாயை முன்னே தள்ளிச் சுவாசிக்கும்; பிறகு கொட்டாவி விட்டும், முகத்தைக் கல்லில் தேய்த்தும் துணுக்கைத் தானே தள்ளிவிடும். மறுநாளும் வாய் மூடாமல் இருந்தாலோ, ஈறு சிவந்து கோழை வடிந்தாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.