கில்ட் வார்ஸ் 2க்கு மாச சந்தா கிடையாதுங்க
ஆன்லைன் ஆர்பிஜின்னாலே (ஒரு கேரக்டரா மாறி ஆடுற கேம்) மாசாமாசம் காசு கட்டணும், கில்ட் வார்ஸ் 2வும் அப்படித்தான், ஒரே தடவை காசு கொடுத்தா போதும்ங்கிறது சிங்கிள் பிளேயர் கேமுக்கு மட்டும்தான்னு மேல ஒரு நண்பர் போட்டிருக்காரு, கீழயும் அதையே சொல்லிட்டிருக்காங்க.

கில்ட் வார்ஸ் 2 விஷயத்துல அது சரியில்லங்க. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற இன்னொரு ஆன்லைன் ஆர்பிஜி சந்தா வாங்குது, குழப்பம் அங்கேருந்து வந்திருக்கலாம். ஆனா கில்ட் வார்ஸ் 2 2012ல வந்ததுலேருந்தே சந்தா இல்லாத கேம், அப்போ ஒருவாட்டி வாங்கினா போதும், 2015 ஆகஸ்ட்லேருந்து அடிப்படை கேமே இலவசம், கடைசி லெவலான 80 வரைக்கும் பைசா கட்டாம போகலாம். எக்ஸ்பான்ஷனுக்குத்தான் (கேமோட சேர்க்கிற கூடுதல் பகுதி) காசு, அதுவும் வாங்கினா வாங்கினதுதான். இலவச அக்கவுண்ட்ல கட்டுப்பாடு இருக்கு, அதையும் சொல்லிடணும், ரெண்டு கேரக்டர்தான் வச்சுக்க முடியும், டிரேடிங் போஸ்ட்ல, அதாவது கேமுக்குள்ள இருக்கிற சந்தையில, எல்லாத்தையும் வாங்கி விக்க முடியாது.

நீங்களே செக் பண்ணிக்கலாம். கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல கேம் பேரைத் தேடுங்க, அடிப்படை கேமுக்கு விலை போடுற இடத்துல இலவசம்னுதான் இருக்கும், எக்ஸ்பான்ஷன் எல்லாம் தனி விலையோட கீழ வரும், மாச சந்தாவை அந்தப் பக்கத்துல தேடினாலும் கிடைக்காது.