அல்சூர் இல்லாத அல்சூர் கட்டுரை

பெங்களூரு காலேஜ் ஒன்றில் எழுத்து வகுப்பு எடுக்கிறேன். சாட்ஜிபிடியை நாமே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று மேலிடத்து உத்தரவு. கொடுத்தாச்சு.

உங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கப்பா என்றால், அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்திலேயே வளர்ந்த பையன் "கலாச்சாரங்கள் சங்கமிக்கும் துடிப்பான வீதி" என்று நீட்டுகிறான். கோயிலைக் காணோம், பூக்கடையைக் காணோம்.

"ஏம்ப்பா, உங்க தெருவுல மாடே கிடையாதா?"

"இருக்கு மேடம், சாட்ஜிபிடிக்குத் தெரியாதுல்ல?"

ஆதாரம் கேட்டால், எழுதப்படாத புத்தகத்துக்குப் பக்க எண் வருகிறது!

சாட்ஜிபிடி எழுதியதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் வாங்கலாம் என்கிறார் துறைத்தலைவர். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ, அப்படிக் கண்டுபிடிக்கும் தன்னுடைய கருவியையே துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் மூட்டை கட்டிவிட்டது. இவருக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்குமாம்? இதற்கு மீட்டிங் வேறு, அதுவும் சனிக்கிழமை சாயங்காலம்.