“எத்தனையாவது பிள்ளை?”

2009 ஜூன், போர் முடிந்த அடுத்த மாதம். இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாம், தறப்பாள் கொட்டில், உள்ளே இருக்க முடியாத வெக்கை. மகளுக்கு ஒன்பது மாதம். சின்னமுத்து ஊசி போட வேண்டிய வயது. கிளினிக் நடந்த கூடாரத்தில் பிள்ளையின் ஊசிக் கார்ட்டைக் கேட்டார்கள். மாத்தளனில் விட்டுவிட்டு ஓடிய பையோடு அதுவும் போய்விட்டது என்றேன். அங்கிருந்த குடும்பநல மிஸ், ஊர்களில் தாய் சேயைப் பார்க்கும் மருத்துவமாது, ஒன்றும் பேசாமல் காசநோய் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று பிள்ளையின் இடது தோள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “தழும்பு இருக்கு. பி.சி.ஜி. போட்டிருக்கினம்” என்று சொல்லிப் புதுக் கார்ட் ஒன்றில் என் பிள்ளையின் பெயரை எழுதினார். அவரும் எங்களோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்தவர்தான். அதே முகாமில், இன்னொரு கொட்டிலில் இருந்தார்.

வன்னியில் தாய் சேய் நலத்தைக் கட்டியெழுப்புவது பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் அந்த மிஸ்ஸின் விரல்கள்தான் ஞாபகம் வரும். பேசுபவர்கள் சொல்வதோ பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றி. கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 மே மாதம் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியோடு கட்டிய பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டபோது நான் உண்மையாகவே சந்தோசப்பட்டேன். பிள்ளைப்பேறு சிக்கலானால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஓடிய ஆட்கள் நாங்கள். அந்த ஓட்டத்தில் வழியிலேயே பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த நாட்டில் தாய்மார் சாவது குறைந்தது பெரிய ஆஸ்பத்திரிகளால் மட்டும் இல்லை. 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பதை ஒட்டி நிற்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை ஊர் ஊராகப் பரவி, ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் (நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர்) என்று வந்தது. அவருக்குத் தன் பகுதியில் யார் கல்யாணம் கட்டினார்கள், யார் முழுகாமல் இருக்கிறார்கள், யார் வீட்டுக் குழந்தையின் நிறை ஏறவில்லை என்பதெல்லாம் தெரியும். பிள்ளை பெற்று வந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரமாவது வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார். வன்னியில் போர் இந்தச் சங்கிலியைத்தான் அறுத்தது. சண்டை உச்சத்தில் இருந்த 1990களிலேயே போலியோ சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. 2009இல் ஆஸ்பத்திரிக் கூரைக்கு மேலேயே ஷெல் விழுந்தது.

மீளக்குடியேறி வந்த பிறகு எங்கள் ஊருக்கு ஒரு மிஸ் சைக்கிளில் வரத் தொடங்கினார். ஒருநாள் என் பக்கத்துக் காணிப் பிள்ளைத்தாய்ச்சியைப் பதிய வந்தபோது நானும் கூட இருந்தேன். பதிவு அட்டையில் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்: “இது எத்தனையாவது பிள்ளை?” அவள் கொஞ்சநேரம் நிலத்தைப் பார்த்தாள். “நாலாவது, மிஸ். இருக்கிறது ஒண்டு.” மிஸ் பேனையை மூடி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். அன்றைக்கு அவர் வேறு வீட்டுக்குப் போகவில்லை.

அந்த அரைநாளை எந்த மாத அறிக்கையில் எழுதுவது? ஆனால் அவள் அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கும் தவறவிடவில்லை.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் பார்த்தோம். 2013 ஆகஸ்ட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளின் நிறை பார்க்கவென்று கூப்பிட்டுவிட்டுத் தாய்மாரை வற்புறுத்திக் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று பெண்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனால் அந்தச் செய்தி வந்த கிழமையே எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள் கிளினிக் போகப் பயந்து வீட்டில் இருந்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு பெண்ணுக்கு உயிர்காக்கும் விசயம். விளங்கப்படுத்தாமல், அவள் வாயால் ஓம் சொல்லாமல் செய்தால் அது வைத்தியமே இல்லை. போர் தின்ற சனத்திடம் அப்படிச் செய்வது இன்னும் பெரிய கொடுமை.

மொழியும் அப்படித்தான். “நேற்றிரவில இருந்து பிள்ளை துடிக்கேல்லை” என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் வயிற்றைத் தொட்டுக் காட்டி அழுத தாயை ஒரு வாட்டில் என் கண்ணால் பார்த்தேன். அந்த இளம் டொக்டரில் பிழையில்லை, அவரும் பதறித்தான் போனார். தமிழ் தெரிந்த ஒருவரை அந்த இரவுக் கடமைக்குப் போடாததுதான் பிழை.

சரி, ஊருக்குள் வேலை செய்கிற மிஸ்மார் எங்கிருந்து வருவார்கள்? உயர்தரம் சித்தியடைந்து, பதினெட்டு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். வன்னிப் பிள்ளைகள் 2009இல் முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதியவர்கள். விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாமல் எத்தனை பாடசாலைகள் வருடக்கணக்காகக் கிடந்தன! அதனால்தான் சொல்கிறேன், இந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை சுகாதாரத் திணைக்களத்தில் மட்டும் தொடங்காது, ஊர்ப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் தொடங்க வேண்டும். வெளி மாவட்டத்தில் இருந்து நியமனம் பெற்று வருபவர் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியையே திறப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தங்க ஒரு விடுதி, ஓட ஒரு ஸ்கூட்டி, எண்ணெய்க் காசு, இவ்வளவும் கொடுக்காமல் காட்டு றோட்டில் தனியே போ என்றால் யார் நிற்பார்கள்?

2022 பொருளாதார நெருக்கடியில், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவும் இல்லாமல் போனபோது, எந்த வீட்டில் பிள்ளை காய்கிறது என்று அறிந்து அயலவரிடம் பயறும் முட்டையும் சேர்த்துக் கொடுத்தது எங்கள் பகுதி மிஸ்தான். இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பகுதியைப் பக்கத்துப் பகுதி மிஸ் தன் வேலையோடு சேர்த்துப் பார்க்கிறார்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கால் வீங்கி, தலையிடி. வேலைக் களைப்பு என்று நினைத்து இரண்டு நாள் பனடோல் போட்டிருக்கிறாள். வேலியால் கதைத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சொன்னாள். உடனே ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பிரஷர் கூடியிருந்தது, அப்படியே வாட்டில் மறித்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் இப்போது சுகம். மிஸ் அந்த ஒழுங்கைக்குக் கடைசியாக வந்து ஆறு கிழமை ஆகியிருந்தது.