கைதட்டியவர்களுக்கு

அரசாங்க விஞ்ஞானிகள் ஆய்வில் கண்டதை மக்களுக்குச் சொல்ல விட வேணும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசினேன். அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக மனம் ஆறவில்லை. "அரசாங்கச் சம்பளம் வாங்கினால் அரசாங்கம் சொல்லுற இடத்தில் வாயை மூடத்தானே வேணும்" என்று அந்த அண்ணை எழும்பிக் கேட்டது கூடப் பரவாயில்லை. அரை மண்டபம் அதற்குக் கைதட்டியதுதான் குத்துகிறது.

அந்தச் சம்பளம் யாருடைய காசு? மக்களின் வரிக்காசு. அப்ப, ஆய்வில் கண்டதை முதலில் மக்களுக்குத்தான் சொல்ல வேணும். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

அங்கே சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். 2017 ஒக்ரோபரில் அமெரிக்காவின் றோட் ஐலண்டில், நரகன்செற் விரிகுடா பற்றிய கூட்டத்தில் பேச இருந்த மூன்று விஞ்ஞானிகளை, அவர்கள் சார்ந்த சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமே கடைசி நேரத்தில் நிறுத்தியது. காலநிலை மாற்றம் காட்டுத்தீயை எப்படிக் கூட்டுகிறது என்று புளோரிடாவில் பேச இருந்த வனத்துறை விஞ்ஞானிக்கும் அதே காலத்தில்தான் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வருடம் நவம்பரில் கலிபோர்னியாவில் பரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் செத்தார்கள். அந்தப் பேச்சு நடந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்கவும் வேண்டாம். காய்ந்த காட்டில் தீ எப்படி ஓடும் என்று வருடக்கணக்காகப் படித்த மனுசனைப் பேச விடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பயணச்செலவைக் குறைக்கத்தான் அவர்களை நிறுத்தியிருப்பார்கள் என்கிறீர்கள். இருக்கலாம், சரி. 2025 யூன் கடைசியில், அமெரிக்காவின் தேசிய காலநிலை மதிப்பீட்டு அறிக்கைகளை எல்லோரும் வாசிக்க வைத்திருந்த இணையத்தளமே மறைந்து போனதே, அதற்கு என்ன பயணச்செலவு? இராணுவ இரகசியம் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். மழையும் வெயிலும் புகையும் யாருடைய இரகசியம்?

"அமெரிக்கக் கதை எங்களுக்கேன்" என்றும் ஒருவர் கேட்டார். 2023 யூனில் ரொறன்ரோவில் என் தங்கச்சி யன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துவாய் வைத்து அடைத்துவிட்டு, இழுப்புக்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க இருந்தாள். கியூபெக் காடு எரிந்த புகை அது. அதே கனடாவில்தான் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமராக இருந்த காலத்தில் அரசாங்க விஞ்ஞானிகள் பத்திரிகைக்காரரோடு கதைக்கவே மேலிடத்தில் கேட்க வேண்டியிருந்தது. 2012 யூலையில் விஞ்ஞானிகள் வெள்ளைக் கோட்டோடு ஒட்டாவா வீதியில் ஆர்ப்பாட்டத்துக்கு இறங்கினார்கள். எங்கள் சொந்தபந்தத்தில் பாதி அங்கே மூச்சுவிடுகிறது. எங்களுக்கேன் என்று எப்படிக் கேட்க மனம் வந்தது?

தூரம் என்றால் விடுங்கள், எங்கள் கிணற்றுக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் என்று ஊரே அல்லாடிய 2015ஐ மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் முற்றத்துக்கும் தண்ணீர் சோதிக்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பொடியன் வந்து, போத்தலில் தண்ணீர் எடுத்து, பிளாஸ்டரில் அம்மாவின் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு போனான். முடிவு வரவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் செம்புத் தண்ணீரை வெயிலில் சரித்துச் சரித்துப் பார்ப்பா. இரண்டு தரம் அந்த அலுவலகத்துக்கு ஏறி இறங்கினேன். மேலிடம் சொல்லாமல் தர ஏலாது என்றார்கள். என் கிணறு, என் அம்மா குடிக்கிற தண்ணீர், தாளைக் கண்ணில் காட்ட மேலிடம் சொல்ல வேணுமாம்.

பிறகொரு நாள் பின்னேரம் அந்தப் பொடியன் சைக்கிளில் வந்து, படலைக்கு வெளியிலேயே நின்று, "சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ அம்மா, நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றான். கை நடுங்கியது. படித்த படிப்பைக் களவெடுத்தவன் போலச் சொல்லிவிட்டுப் போனான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி அவனை ஆக்கி வைத்தவர்கள் மேல்தான் இன்றும் கோபம்.

அண்ணை, நீங்கள் எங்கள் ஒழுங்கைதான். அம்மா அன்றிரவே படலை படலையாகப் போய் அதைச் சொன்னா, உங்கள் வீட்டிலும் சொன்னா. அடுத்த நாள் தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் இரண்டு வாளியோடு எனக்கு முன்னுக்கு நின்றது நீங்கள்தான்.