நாலு யூனிட் செம்மண்

(தங்கச்சிமடம். ராமேஸ்வரம் வருகிற யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நம்புராஜன் நாலு அறை கட்டி முடித்திருக்கிறார். முன்னால் கிடக்கும் நாற்பதுக்கு இருபது அடி இடத்தில் தோட்டம் போட வேண்டுமாம். இப்போதைக்கு அங்கே மணலும் ஒரு சீமைக்கருவேலங்கன்றும்தான் இருக்கின்றன, அந்தக் கன்று மட்டும் யாரும் கேட்காமலே செழிப்பாக வளர்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கருமேகம், நம்புராஜன் மனைவியின் அண்ணன், டிப்பர் ஓட்டி ஓய்ந்தவர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லுவார்.)

நம்புராஜன்: மச்சான், ஆள் முடிவாகிவிட்டது. செம்மண், எரு, ஜல்லி, பேவர் பிளாக், புல் எல்லாம் ஒரே இடத்தில். நாளைக்கு அட்வான்ஸ் போடப் போகிறேன்.

கருமேகம்: யார் அந்தப் புண்ணியவான்?

நம்புராஜன்: நேரில் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புகிறார். இந்தக் காலத்தில் யார் மச்சான் நம்மை நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்?

கருமேகம்: பூ அனுப்பினான், சரி. மண் அனுப்பினானா?

நம்புராஜன்: அவர் போட்ட தோட்டத்தின் போட்டோவே அனுப்பியிருக்கிறார். இதோ, உச்சிப்புளியில் போட்டதாம்.

கருமேகம்: (கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு) உச்சிப்புளியில் எந்தத் தெருவில் மாப்ள இவ்வளவு பனிமூட்டம்? ஓரத்தில் நிற்கிற அம்மா ஸ்வெட்டர் வேறு போட்டிருக்கிறது.

நம்புராஜன்: மார்கழியில் எடுத்திருப்பார்.

கருமேகம்: மார்கழியில் நீயே பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு மொட்டை மாடியில் படுக்கிற ஆள். போட்டோவை விடு, விலாசம் கேள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் பேவர் பிளாக் போட்ட வீடு எது என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார். நேற்றுப் போட்டது எல்லாருக்கும் மட்டமாகத்தான் இருக்கும். ஒரு ஐப்பசி மழை குடித்த பிறகு எந்தக் கல் உள்ளே போயிருக்கிறது, எது காலைத் தட்டுகிறது என்று பார்த்தால்தான் அடியில் கிரஷர் தூள் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினானா, கிடைத்த மணலைக் கொட்டிச் சமாளித்தானா என்பது தெரியும்.

நம்புராஜன்: சரி, அவரை விடுங்கள். இன்னொருத்தர் இருக்கிறார், சொந்தக்காரர். என் சின்ன மாமனாரின் கொழுந்தியா வீட்டுக்காரருக்குத் தம்பி.

கருமேகம்: அப்படியென்றால் எனக்கும் சொந்தமா?

நம்புராஜன்: உங்களுக்குத்தான் நெருங்கின சொந்தம்.

கருமேகம்: அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வெளியாள் ஏமாற்றினால் வாசலில் போய்ச் சண்டை போடலாம். இவன் ஏமாற்றினால் சிரித்துக்கொண்டே அவன் பிள்ளை காதுகுத்துக்கு மொய் எழுத வேண்டும்.

நம்புராஜன்: விலையைக் கேளுங்களேன். ஒரு டிப்பர் இரண்டு யூனிட்டாம், மற்றவர்களைவிடக் குறைவு.

கருமேகம்: வண்டியை அளந்தாயா?

நம்புராஜன்: கேட்டேன். உள்ளளவு பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி உயரமாம்.

கருமேகம்: பத்தை ஆறால் பெருக்கி இரண்டரையால் பெருக்கு. நூற்றைம்பது. யூனிட் என்றால் நூறு கன அடி. இரண்டு யூனிட் எங்கேயிருந்து வந்தது?

நம்புராஜன்: கூம்பாகக் குவித்துத் தருகிறேன் என்றார்.

கருமேகம்: தார்ப்பாய் கட்டாமல் பாம்பன் பாலத்தில் ஏற்றினால், அந்தக் காற்றில் கூம்பு வீடு வந்து சேருமா? அதை மீனுக்குத்தான் எழுதிவைக்க வேண்டும். எவனாக இருந்தாலும் 'ஒரு லோடு என்ன விலை' என்று கேட்காதே, யூனிட் விலை கேள். வண்டி வந்ததும் மட்டம் தட்டச் சொல்லி, டேப்பைப் பிடித்துவிட்டு அப்புறம் கொட்டச் சொல்லு. எம்சாண்ட் வாங்கினால் ஈரமும் பார்க்க வேண்டும். லேசாக நனைந்த மணல் உப்பி நிற்கும், காய்ந்தால் அடங்கிவிடும். நானே...

நம்புராஜன்: நீங்களே?

கருமேகம்: நானே பார்த்திருக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

(நம்புராஜன் அதற்குமேல் கேட்கவில்லை. கட்டிக்கொண்டது அவர் தங்கையை.)

நம்புராஜன்: எனக்கு எவ்வளவுதான் வேண்டும்?

கருமேகம்: நாற்பதுக்கு இருபது எண்ணூறு சதுர அடி. அரையடி உயரம் போட்டால் நானூறு கன அடி, நாலு யூனிட். தண்ணீர் விட்டதும் அமுங்கும், அதற்காகச் சேர்த்து ஐந்தாக வைத்துக்கொள். ஆறு, ஏழு என்று சொல்கிறவனிடம் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லு.

நம்புராஜன்: வேறொரு ஆளிடம் மாதிரிச் செம்மண் வாங்கி வைத்திருக்கிறேன் மச்சான். (உள்ளே போய் மஞ்சப்பையோடு வருகிறார்.) இந்த ஆள் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் வண்டலையும் இதோடு கலந்திருப்பதாகச் சொன்னார்.

கருமேகம்: நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். மண் விற்கிறவன் அத்தனை பேரும் அங்கேயிருந்துதான் எடுத்தேன் என்கிறான். உண்மையாக இருந்தால் இந்நேரம் அது கடலாகியிருக்கும். (ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறி, கொஞ்சம் நாக்கில் வைக்கிறார். முகம் ஒரு பக்கமாகக் கோணுகிறது.) மாப்ள, இதைப் போட்டால் செடி வராது, கருவாடு போடலாம்.

நம்புராஜன்: வெள்ளையாகத் துகள் தெரிகிறதே, அது கால்சியமாம்.

கருமேகம்: அது சிப்பி. கடற்கரை மணலை அள்ளிச் செம்மண்ணில் புரட்டியிருக்கிறான். அதை அள்ளுவதே குற்றம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு இந்த மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ராத்திரி முழுக்க வை. மணல் அடியில் போய்விடும், வண்டல் நடுவில், களி மேலே. எவ்வளவு கலப்பு என்று கண்ணுக்கே தெரியும். இன்னொரு பிடியைச் சிரட்டையில் போட்டு நாலு பாசிப்பயறு ஊன்று. பயறு உப்பு தாங்காது. நாலைந்து நாளில் முளைக்கவில்லையென்றால் அவன் நம்பரை அழித்துவிடு.

நம்புராஜன்: முளைத்துவிட்டால்?

கருமேகம்: முளைத்தால் வருகிற லோடும் இதே மண்தானா என்று பார்க்க மஞ்சப்பையைப் பத்திரமாக வைத்துக்கொள். மாதிரிக்கு ஒரு மண், லோடுக்கு ஒரு மண் என்பது பழைய வித்தை. கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ளிக்கொண்டு பாலம் தாண்டிப் போன டிப்பரை நான் பார்த்ததே இல்லை. அப்புறம், மண் ஏற்றிவர அரசாங்கம் தருகிற நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டாயா?

நம்புராஜன்: அதெல்லாம் அவர்கள் பாடு இல்லையா?

கருமேகம்: வண்டி பிடிபட்டால் உன் அட்வான்சும் டிப்பரோடு சேர்ந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கும். டிப்பரையாவது என்றைக்காவது விடுவார்கள்.

நம்புராஜன்: மண்ணை விடுங்கள், கல்லையாவது கொண்டாடுவீர்கள். பாதை ஓரத்துக்கு வெள்ளைக் கல், பூப்பூவாக ஓட்டை இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. கூழாங்கல் விலையில் பாதிதான். பில் மட்டும் கிடையாதாம், ராத்திரியில் கொண்டுவந்து தருவாராம்.

கருமேகம்: (எழுந்தே விட்டார்) அடப்பாவி, அது முருகைக்கல்! பவளப்பாறை! அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அதில் வீடு கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். 1986ல் மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தாயிற்று. வனவிலங்குச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் கூட யார் இருக்கிறார்கள் தெரியுமா? புலியும் யானையும்.

நம்புராஜன்: செத்துக் கரையில் ஒதுங்கிய கல்தானே மச்சான்?

கருமேகம்: செத்த புலியின் தோலைக் கூடத்தில் மாட்டிப் பாரேன். யாத்திரைக்காரர்கள் வருவதற்கு முன்னால் வனத்துறைக்காரர்கள் வந்து உன் அறையில் உட்காருவார்கள். வாடகையும் தரமாட்டார்கள்.

நம்புராஜன்: அப்படிப் பார்த்தால் மிச்சம் ஒரே ஒரு ஆள்தான், ராமநாதபுரம் போகிற வழியில் நர்சரி வைத்திருக்கிறார். அவர் சரிப்பட மாட்டார். நேரில் போனேன், உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

கருமேகம்: என்ன கேட்டாய்?

நம்புராஜன்: கொரியன் புல் கேட்டேன். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டார். போர் தண்ணீர், கொஞ்சமாகத்தான் வரும் என்றேன். அப்படியானால் கொரியன் புல் வேண்டாம், அருகம்புல் போடு, அதையும் புரட்டாசி போகட்டும், மழையை ஒட்டிப் போட்டால் பிழைக்கும் என்கிறார். பாம் மரம் கேட்டேன். பூவரசு, புன்னை, அரளி வை, உப்புக்காற்று தாங்கும் என்கிறார். நான் காசு கொடுத்துப் புன்னை வாங்கவா அறை கட்டினேன்?

கருமேகம்: எரு?

நம்புராஜன்: ஆட்டு எரு மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார். கேட்டால் இன்னும் மட்கவில்லை, கையை விட்டால் சுடுகிறது, இப்போது போட்டால் வேர் கருகும், அடுத்த மாதம் வா என்கிறார். செம்மண்ணுக்கு பெர்மிட் வரவில்லையாம். எதைக் கேட்டாலும் இல்லை, வேண்டாம், அப்புறம். இப்படி ஒரு ஆள் எப்படி மச்சான் வியாபாரம் செய்கிறார்?

கருமேகம்: போனைப் போடு.

நம்புராஜன்: யாருக்கு?

கருமேகம்: அந்த இல்லைக்காரனுக்குத்தான். கையில் சரக்கை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லுகிறவன் இந்தப் பக்கம் இன்னொருத்தன் கிடைக்க மாட்டான். விட்டுவிடாதே.

(நம்புராஜன் போன் போடுகிறார். கருமேகம் காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வருகிறார்.)

நம்புராஜன்: வணக்கம் அண்ணே, தங்கச்சிமடம். ஆமா, பாம் மரம் கேட்ட ஆள்தான்... (போனைப் பொத்திக்கொண்டு) வண்டிக்கு வண்டி அளந்துகொள்ளலாமாம், பில்லும் தருவாராம், மண் இறங்கிய பிறகு பணம் கொடுத்தால் போதுமாம்.

கருமேகம்: பார்த்தாயா! நான் பேச்சை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன்.

நம்புராஜன்: டிப்பர் வீடு வரைக்கும் வருமா என்று கேட்கிறார். எட்டடி அகலமாம், தெரு முழுக்கப் பத்தடியாவது வேண்டும், டேப் வைத்துப் பார்த்துச் சொல் என்கிறார்.

கருமேகம்: நம் தெரு பன்னிரண்டடி. பத்திரத்திலேயே இருக்கிறது, தைரியமாகச் சொல்லு.

நம்புராஜன்: அளந்துவிட்டுச் சொல்லச் சொன்னார். (டேப்போடு போய்த் திரும்பி வருகிறார்.) முனையில் பன்னிரண்டு, நடுவில் பன்னிரண்டு. உங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் ஏழரை.

கருமேகம்: அங்கே என்ன?

நம்புராஜன்: உங்கள் குளியலறை.

கருமேகம்: அது தற்காலிகமாகக் கட்டியது மாப்ள.

நம்புராஜன்: டைல்ஸ் ஒட்டியிருக்கிறதே.

கருமேகம்: டிராக்டரில் அனுப்பச் சொல்லேன்.

நம்புராஜன்: (போனில் கேட்டுவிட்டு) அனுப்புவாராம். ஆனால் ஒரு நடைக்கு ஒரு யூனிட்கூட வராதாம், ஆறேழு நடை ஆகுமாம், பாலம் தாண்டி அத்தனை நடைக்கும் வாடகை யார் தருவது என்று கேட்கிறார். தெருவில் நீட்டிக் கட்டியிருப்பது யார் என்றும் கேட்கிறார்.

கருமேகம்: போனை வை மாப்ள. ஆள் சரியில்லை, ரொம்பக் கேள்வி கேட்கிறான்.